கர்சருக்கு டீமின் விதிகளைச் சொல்லிக்கொடுக்க எந்த வழி?

ஏஐ கோட் எடிட்டரான கர்சர் எழுதித் தரும் கோட் ஓடிவிடும். ஆனால் நம் டீம் எழுதியது போல இருக்காது. அதைச் சரிசெய்ய விதிக் கோப்பு, எம்சிபி சர்வர் (வெளியே உள்ள தகவலையும் டூல்களையும் மாடலுக்குக் கொண்டுவருவது), லின்ட்டர் (கோடில் விதிமீறலைப் பிடிக்கும் கருவி) என மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் எங்கள் பில்லிங் ரிப்போவில் (கோட் களஞ்சியத்தில்) வைத்துப் பார்த்தேன்.

விதிக் கோப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். முன்பு ரூட்டில் ஒரே கோப்பாக இருந்தது. இப்போது ரூல்ஸ் ஃபோல்டருக்குள் தனித்தனி எம்டிசி கோப்புகளாக எழுதலாம். தலைப்பகுதியில் குளோப் (எந்தப் பெயர்க் கோப்புகள் என்று சொல்லும் வடிவம்) கொடுத்தால், அந்த வகைக் கோப்புகளைத் தொடும்போது மட்டும் அந்த விதி கர்சருக்குப் பின்னால் உள்ள ஏஐ மாடலுக்குப் போகும். விதியும் கிட்டிலேயே இருப்பதால், யார் திருத்தினாலும் புல் ரிக்வெஸ்டில் தெரிந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

எழுதும் விதம் முக்கியம். "சுத்தமாக எழுது" என்று போட்டிருந்தோம், ஒரு பயனும் இல்லை. "தொகையைப் பைசாவில், முழு எண்ணாக வை, ஃப்ளோட் கூடாது" என்று மாற்றி, கீழே சரியான ஃபங்ஷன் ஒன்றையும் ஒட்டினோம். அன்றே வித்தியாசம் தெரிந்தது. ஃப்ளோட் என்பது தசம எண்; ஜாவாஸ்கிரிப்டில் அப்படி 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.30000000000000004 வரும், பில் போடும் இடத்தில் இதை விட முடியுமா?

குறை என்னவென்றால், மாடலுக்கு அது வேண்டுகோள்தான், கட்டளை இல்லை. சாட் நீண்டால் மறந்துவிடுகிறது. ரிப்போக்கள் பெருகினால் காப்பிகளும் பெருகும்.

அங்கேதான் எம்சிபி கைகொடுக்கிறது. ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறை இது. விதிகள் விக்கியில் ஒரே இடத்தில் இருக்கும், எடிட்டர் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆனால் எப்போது கேட்பது என்று மாடல்தான் முடிவு செய்கிறது. "புது ஏபிஐ எழுதும் முன் அந்த டூலைக் கூப்பிடு" என்று கடைசியில் விதிக் கோப்பில்தான் எழுத வேண்டியிருந்தது. நாலைந்து ரிப்போ உள்ள டீமுக்கு இந்தப் பாடு தேவையில்லை.

லின்ட்டர் கெஞ்சாது. விதி மீறினால் சிஐ (கோடைத் தானாகச் சோதிக்கும் அமைப்பு) சிவப்பாகும், கர்சரின் ஏஜென்ட்டும் பிழையைப் படித்துத் தானே திருத்திக்கொள்ளும். ஆனால் பெயர் பொருத்தமா, இந்த லாஜிக் இங்கே இருக்கலாமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

அதனால் இம்போர்ட் வரிசை, இடைவெளி பற்றி எழுதியிருந்ததையெல்லாம் விதிக் கோப்பிலிருந்து நீக்கி, ஈஎஸ்லின்ட் என்ற லின்ட்டரிடமும் பிரிட்டியர் என்ற ஃபார்மேட்டரிடமும் கொடுத்துவிட்டோம். கோப்பு பாதியாகச் சுருங்கியது. அப்புறம் அந்தப் பைசா விதியை மாடல் மீறவில்லை.