"ரெண்டு டஜன் வைத்தால் 65 சதவீதம் ஜெயம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் பதினாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். ஆன்லைன் ரூலெட்டில் 1,15,600 ரூபாய் இழந்திருக்கிறேன். வீட்டிலும் கடையிலும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. இதே வலையில் மார்க்கெட்டில் இன்னும் சிலர் விழுந்துகொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததால் நடந்ததை முழுசாக எழுதுகிறேன். கணக்கு வரும் இடத்தைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். என்னை ஏமாற்றியது அந்த இடத்தில்தான்.

போன மார்கழி, தை மாதங்கள். பனிக்கு மல்லி வரத்து குறைந்துவிடும். மற்ற நாளில் மூட்டையாக வரும் உசிலம்பட்டிப் பக்கத்துப் பூ அப்போது பையில் வரும். விலை எகிறும், ஆனால் கடையில் எனக்கு வேலை குறையும். காலை பத்து மணிக்கு மேல் சும்மா உட்கார்ந்திருப்பேன். தெரிந்த ஒருவர் போனில் ஒரு குழுவில் சேர்த்துவிட்டார். குழுவை நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். நம்ம ஊர்ப் பேச்சு, கனிவான குரல். "அண்ணே, இது அதிர்ஷ்டம் இல்லண்ணே, கணக்கு. நீங்க கணக்கு எழுதுறவரு, உங்களுக்குச் சட்டுன்னு புரியும்" என்று எனக்குத் தனியாகக் குரல் செய்தி அனுப்பினார். பதினாறு வருடம் கணக்கு எழுதியவனுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது.

ரூலெட் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள், அதோடு பச்சை நிறத்தில் ஒரு பூஜ்யம். மொத்தம் 37 குழி. ஒரு எண்ணில் மட்டும் வைத்து ஜெயித்தால் ஒன்றுக்கு 35 மடங்கு தருவார்கள். அது அபூர்வமாகத்தான் விழும் என்பதால் பன்னிரண்டு எண்களை மொத்தமாகப் பிடிக்கும் கட்டங்கள் உண்டு. 1 முதல் 12 முதல் டஜன், 13 முதல் 24 இரண்டாவது, 25 முதல் 36 மூன்றாவது. டஜனில் வைத்து ஜெயித்தால் ஒன்றுக்கு இரண்டு கிடைக்கும்.

மாஸ்டர் சொன்ன முறை இது. இரண்டு டஜன்களில் தலா 500 வை. 24 எண்கள் உன் கையில். ஜெயித்த கட்டம் 1,000 கொடுக்கும், தோற்ற கட்டத்தில் 500 போகும், மிச்சம் 500 லாபம். 37-ல் 24 என்றால் கிட்டத்தட்ட 65 சதவீதம். தோற்றுவிட்டால் அடுத்த முறை மூன்று மடங்கு வை. 1,000 போனால் 3,000, அதுவும் போனால் 9,000, அப்புறம் 27,000. எந்தப் படியில் ஜெயித்தாலும் போனதெல்லாம் திரும்பி வந்து 500 லாபம் நிற்கும்.

பேப்பரில் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தது. இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்: அவர் சொன்ன எண்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. 65 சதவீதம் உண்மை. மூன்று மடங்கு வைத்தால் மீளும் என்பதும் உண்மை. ஜெயித்தால் 500 வரும், தோற்றால் 1,000 போகும் என்ற ஏற்றத்தாழ்வைப் பற்றித்தான் அவர் வாயே திறக்கவில்லை.

10,000 ரூபாய் போட்டு ஆரம்பித்தேன். 39 சுற்று, ஒவ்வொன்றிலும் 500 லாபம். நடுவே 3,000 ரூபாய் எடுத்துப் பார்த்தேன், பத்து நிமிடத்தில் வங்கிக்கு வந்துவிட்டது. அந்த 3,000-தான் என்னை முழுசாக நம்ப வைத்தது. கணக்கில் 26,500 இருந்தது.

அன்று வைத்தது இரண்டாவது, மூன்றாவது டஜன். விழுந்தது 4. 3,000 வைத்தேன், 11. 9,000 வைத்தேன். பந்து 26-ன் விளிம்பில் தட்டிப் பக்கத்துக் குழியில் விழுந்தது. பூஜ்யம். 13,000 போய்விட்டது. கையில் 13,500 மிச்சம், அடுத்து வைக்க வேண்டியது 27,000. மாஸ்டரிடமிருந்து உடனே செய்தி: "அண்ணே, முதல் டஜனே திரும்பத் திரும்ப வருது, இனிமே வராது. விட்டுடாதீங்க." 15,000 அனுப்பி 27,000 வைத்தேன். விழுந்தது 9.

அடுத்தது 81,000. ஒரு கட்டத்துக்கு 25,000-க்கு மேல் வைக்க முடியாது என்று அந்த மேசையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. அதாவது என்னிடம் பணம் இருந்திருந்தாலும் ஐந்தாவது படி ஏறியிருக்க முடியாது.

அக்கா மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். பிற்பாடு எல்லாம் தெரிந்து வீட்டுக்கு வந்தபோது பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினான். "மாமா, நாலு தடவை வரிசையா தோற்கிறது 66-க்கு ஒண்ணு. 65 சுற்று ஜெயிச்சா 32,500 வரும். அந்த ஒண்ணு வந்தா 40,000 போகும்." அவ்வளவுதான் கணக்கு. பேப்பரில் போட்டுப் பார்த்த அன்று நான் இந்த ஒரு வரியை எழுதவில்லை. சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது என்பதையும் அவன்தான் சொன்னான். 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டே கார்லோ சூதாட்ட விடுதியில் 26 முறை தொடர்ந்து கறுப்பே விழுந்ததாம். இனிச் சிவப்புதான் என்று வைத்தவர்கள் எல்லாம் கொட்டித் தோற்றார்களாம். "இனிமே வராது" என்று மாஸ்டர் சொன்னதும் அதே பேச்சுதான்.

எங்கள் தொழிலில் வைத்துச் சொன்னால் இன்னும் புரியும். விவசாயி பூ கொண்டுவந்தால், விற்ற பணத்தில் எங்கள் கடை கமிஷன் எடுக்கும். விலை ஏறினாலும் இறங்கினாலும் கமிஷன் உண்டு. ரூலெட்டில் அந்தக் கமிஷன் பூஜ்யம்தான். 36 குழி மட்டும் இருந்தால் ஒன்றுக்கு இரண்டு என்பது நியாயமான விலை. 37-வது குழியை வைத்துக்கொண்டு அதே விலை தருகிறார்கள். ஒரு டஜனில் வைத்தாலும், இரண்டில் வைத்தாலும், தனி எண்ணில் வைத்தாலும் 1,000 ரூபாய்க்குச் சராசரியாக 27 ரூபாய் அவர்களுக்குப் போகும். எங்கள் கடையில் ஒரு கூடைக்கு ஒரு தடவைதான் கமிஷன். அங்கே ஒரே கூடையை நூறு தடவை எடை போட்டு நூறு தடவையும் எடுக்கிறார்கள்.

இதோடு நிறுத்தியிருந்தால் 22,000 ரூபாயோடு போயிருக்கும். மாஸ்டர் விடவில்லை. "போனதை எடுக்காம விடுவீங்களா? விஐபி மேசை இருக்குண்ணே, நானே கூட இருந்து சொல்றேன்." வீட்டுக்காரியின் ஒரு சவரன் சங்கிலியை அடகுக் கடையில் வைத்து 60,000 வாங்கினேன். அவளிடம் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து "ஏங்க, பீரோல சங்கிலியக் காணோமே" என்று அவள் கேட்டபோது நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியவில்லை.

அந்த விஐபி மேசையில் இரண்டு பூஜ்யம் இருந்தது. 0 ஒன்று, 00 ஒன்று. மொத்தம் 38 குழி. 1,000 ரூபாய்க்கு 27 என்றிருந்த கமிஷன் அங்கே 52 ரூபாய்க்கு மேல். பூஜ்யத்துக்குக் காப்பு என்று சொல்லி 0, 00, 1, 2, 3 என்ற ஐந்து எண் கட்டத்திலும் வைக்கச் சொன்னார். அந்தக் கட்டம் ஒன்றுக்கு ஆறு தரும். கமிஷன் 7.89 சதவீதம், அந்த மேசையிலேயே மோசமான பந்தயம் அது. காப்பு என்று நான் வைத்ததுதான் அதிகம் தின்னும் கட்டம்.

இத்தனைக்கும் அங்கே நான் ஜெயித்துக்கொண்டே போனேன்! ஆறு நாளில் 1,12,000 காட்டியது. எப்படி என்று பின்னால் புரிந்தது. ஒவ்வொரு ஆட்டத்தையும் திரையில் பதிவு செய்து அனுப்பச் சொல்வார் மாஸ்டர், அந்தப் பதிவுகள் என் போனில் இருந்தன. புகாருக்காக வரிசையாகப் பார்த்தபோது, சக்கரம் சுற்றும் பெண் இடது கைக் கடிகாரத்தை மேலே தள்ளிவிடுகிறார், பந்து 17-ல் விழுகிறது. நான்கு நாள் கழித்து இன்னொரு பதிவில் அதே கை, அதே கடிகாரம், அதே 17. நேரலை என்று நான் பார்த்தது பழைய வீடியோ.

பணத்தை எடுக்கப் போனேன். 30 சதவீதம் வரி முதலில் கட்ட வேண்டும், 33,600 அனுப்புங்கள் என்றார்கள். ஆன்லைன் விளையாட்டு லாபத்துக்கு 30 சதவீத வரி இருப்பது உண்மைதான், அதனால் நம்பினேன். ஆனால் அது லாபத்துக்கு மட்டும், அதுவும் கொடுக்கும் பணத்தில் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். நான் போட்டிருந்தது 85,000. திரையில் காட்டிய 1,12,000-தோடு முன்பே எடுத்த 3,000-ஐச் சேர்த்து, அதில் 85,000-ஐக் கழித்தால் லாபம் 30,000, வரி 9,000. அந்த 9,000-ஐயும் யாரும் தனியாக யூபிஐயில் அனுப்பச் சொல்ல மாட்டார்கள். நண்பரிடம் கைமாற்று வாங்கி 33,600 அனுப்பினேன். மறுநாள் "சரிபார்ப்புக் கட்டணம்" 20,000 கேட்டார்கள். இல்லை என்றதும் கணக்கை முடக்கிவிட்டார்கள். குழுவிலிருந்தும் நீக்கிவிட்டார்கள்.

பணம் அனுப்பிய ரசீதுகளை அன்று ராத்திரி எடுத்துப் பார்த்தேன். நான்கு முறை அனுப்பியிருக்கிறேன், நான்கும் வேறு வேறு பெயருக்கு. ஒன்று ஏதோ துணிக்கடை, ஒன்று ஒரு பெண்ணின் பெயர். கடையில் ஒரு விவசாயி ஒவ்வொரு நாளும் வேறு பெயரில் பணம் போடச் சொன்னால் நான் உடனே ஏன் என்று கேட்பேன். இங்கே கேட்கவில்லை.

போலீசுக்குப் போகிறேன் என்று எழுதியதற்கு மாஸ்டரின் கடைசிச் செய்தி: "போங்க. தமிழ்நாட்டுல ஆடினவனுக்கும் தண்டனை உண்டு, உள்ள போகப்போறது நீங்கதான்." இதற்குப் பயந்து பதினோரு நாள் வீணாக்கினேன். 2022-ம் வருடத்துத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஆன்லைனில் சூதாடியவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 வரை அபராதம் அல்லது இரண்டும் என்று இருக்கிறது. ஆனால் நடத்துபவருக்கு மூன்று வருடம், 10 லட்சம் வரை. நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் கொண்டுவந்த சட்டம் நடத்துபவர், விளம்பரம் செய்பவர், பணம் கைமாற்றுபவர் பக்கம்தான் கை நீட்டுகிறது, ஆடியவரைத் தண்டிப்பதில்லை. ஆன்லைன் பண மோசடிக்கான புகார் எண் 1930-க்கு நான் கூப்பிட்டபோது என்னைக் குற்றவாளி போல யாரும் பேசவில்லை. தேதி, தொகை, ரசீது எண் கேட்டார்கள். "அன்னைக்கே கூப்பிட்டிருந்தா அந்தக் கணக்கையாவது நிறுத்தியிருக்கலாம்" என்றார் ஒருவர். 33,600-ல் ஏழாயிரத்துச் சொச்சம் மட்டும் ஒரு கணக்கில் மாட்டியிருக்கிறது. மற்றதெல்லாம் அன்றைக்கே கைமாறிவிட்டது. மாட்டிய அந்தப் பணமும் இன்னும் கைக்கு வரவில்லை.

போன வாரம் எங்கள் கடைக்கு மூட்டை இறக்கும் பையன் போனை நீட்டினான். "அண்ணே, ரெண்டு டஜன்னா என்னண்ணே? 65 சதவீதம் ஜெயம்ங்கிறாங்க." குழுவின் பெயர் வேறு, பின்னால் இருந்த படம் அதே படம். முந்தின ராத்திரி 2,000 அனுப்பியிருந்தான். எடை மேசையில் உட்கார வைத்து, என் போனிலிருந்தே 1930-க்குப் போட்டுக் கொடுத்தேன். ரசீது எண்ணை அவன் தப்பாகப் படித்தான், இன்னொரு தடவை மெதுவாகப் படிக்கச் சொன்னேன்.