லே பயணம்: ஸ்ரீநகர் வழியா, மணாலி வழியா?

மதுரையிலிருந்து பைக்கை ரயிலில் பார்சல் போட்டு லடாக் கிளம்பும் தம்பிகள் முதலில் கேட்பது இதைத்தான். என் ஓட்டு ஸ்ரீநகர் வழிக்கு. சுமார் 420 கி.மீ. வழியில் வரும் கணவாய்களில் (‘லா’ என்றால் கணவாய்) சோஜி லா 3,500 மீட்டர் உயரம், ஃபோட்டு லா 4,108. நடுவில் 2,700 மீட்டருக்குள் இருக்கும் கார்கிலில் இரவு தங்கலாம். உயரத்துக்கு உடம்பு மெல்லப் பழகும். நம் ஊர்க்காரர்களுக்கு இது முக்கியம். நாம் ஏறிப் பழகிய கொடைக்கானலே 2,100 மீட்டர்தானே!

மணாலி வழி கண்ணைப் பறிக்கும், மறுக்கவில்லை. ஆனால் பாரலாச்சா லா 4,800ஐத் தாண்டும். சர்ச்சுவில் தங்கினால் 4,200க்கு மேல் படுக்கை. தலைவலியும் வாந்தியும் அங்கேதான் பிடிக்கும். வழியில் தாண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பாமல் நகராதீர்கள்.

திரும்பும்போது மணாலி வழியே இறங்குங்கள்; அதற்குள் உடம்பு பழகியிருக்கும்.