பில் இல்லை, பிரசங்கமும் இல்லை: அமிர்தசரஸ் பொற்கோயில் லங்கர், ஒரு சமையல்காரன் பார்வையில்

லங்கர் என்றால் சீக்கியர் கோயிலான குருத்வாராவில் வருகிற எல்லாருக்கும் இலவசமாகப் போடுகிற பந்தி. முதலிலேயே மார்க் போட்டுவிடுகிறேன். பருப்புக்குப் பத்துக்கு எட்டு, ரொட்டிக்கு ஆறு, பாயசத்துக்கு ஏழு, பரிமாறுகிற வேகத்துக்குப் பத்துக்குப் பத்து. தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம் கல்யாண வீடு, சர்ச் அசனம், அம்மன் கோயில் கொடை என்று எல்லாத்துக்கும் அண்டா ஏற்றுகிற குடும்பம் எங்களுடையது. அப்பா காலத்திலிருந்தே இதுதான் தொழில். அதனால் ஓசிச் சாப்பாடு என்றாலும் சும்மா சாப்பிட்டுவிட்டு எழுந்து வர எனக்கு வராது. அடுப்பு எங்கே, ஆள் எத்தனை, மிச்சம் எங்கே போகிறது என்று கண் தன்னால் தேடும்.

கேள்விப்பட்ட கணக்கு இதுதான்: சாதாரண நாளிலேயே ஐம்பதாயிரம் பேருக்குக் குறையாது, விசேஷ நாளில் லட்சத்தைத் தொடும். ராத்திரி பகல் என்று இல்லை, எந்நேரமும் பந்தி நடக்கிறது. நம் ஊரில் ஆயிரம் இலை என்றாலே மூன்று நாள் முன்னாலிருந்து எனக்குத் தூக்கம் போய்விடும்.

நடைமுறையைச் சொல்கிறேன். செருப்பை வாசலில் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். ஆணோ பெண்ணோ தலையில் துணி இருக்க வேண்டும். கொண்டுபோகாவிட்டால் வாசலிலேயே கூடையில் வைத்திருப்பார்கள். கால் நனைத்துத்தான் உள்ளே போக முடியும். கோயிலுக்கு நாலு பக்கமும் வாசல். எந்த வாசலிலும் "நீங்கள் யார், எந்த ஊர், என்ன மதம்" என்று கேட்கிற ஆள் இல்லை. லங்கர் கூடத்துக்குள் நுழையும்போது தட்டு, கிண்ணம், ஸ்பூன் மூன்றும் கையில் வந்துவிடும். மேலே அனுப்புவார்கள். நீளப் பாய் விரித்திருக்கும், வரிசையாக உட்கார வேண்டியதுதான். எனக்கு இந்தப் பக்கம் ஒரு லாரி டிரைவர், அந்தப் பக்கம் கனடாவிலிருந்து வந்த ஒரு குடும்பம்.

வாளிகள் வரிசையாக வரும். முதலில் பருப்பு. கருப்பு உளுந்தும் கடலைப் பருப்பும் சேர்த்து, நெய்யும் இஞ்சியும் போட்டு, மெதுவாக நேரம் எடுத்து வேகவைத்தது. அடியில் பிடித்த வாடை துளியும் இல்லை. அந்த அளவு அண்டாவில் உளுந்து வேகும்போது அடிப்பிடிக்காமல் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் ஊர் உளுந்தம்பருப்புச் சோறு செய்கிறவர்களுக்குத் தெரியும். காரம் நம் நாக்குக்குக் கம்மிதான், அது குறையில்லை. காய், உருளைக்கிழங்கும் பட்டாணியும், பரவாயில்லை ரகம். அரிசிப் பாயசம் நல்ல கெட்டியாக, இனிப்பு அளவாக இருந்தது. தண்ணீர், சக்கரம் வைத்த வண்டியில் வருகிறது. லீவரை அழுத்தினால் கிண்ணத்தில் சரியாக விழும். அந்த வண்டியை ஊரில் செய்து தர ஒரு பட்டறையில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

ரொட்டிதான் கொஞ்சம் ஏமாற்றம். மெஷினில் வருகிறதும் உண்டு, கையால் தேய்த்துச் சுடுகிறதும் உண்டு, இரண்டும் கலந்துதான் கூடையில் வரும். மெஷின் ரொட்டி கிடைத்தால் ஓரம் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். ரொட்டியை ஒரு கையால் வாங்கக் கூடாது. இரண்டு கையையும் சேர்த்து நீட்ட வேண்டும். நான் தெரியாமல் ஒரு கையை நீட்டினேன். பரிமாறிய பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, என் இடது கையைத் தொட்டுப் பக்கத்தில் சேர்த்துவைத்துவிட்டு ரொட்டியைப் போட்டுவிட்டு நகர்ந்தார். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த மதபோதனை மொத்தமும் அவ்வளவுதான்.

அந்த விஷயத்துக்குத்தான் வருகிறேன். என் மனைவி எங்கள் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் செயலாளர். ஊழியத்தில் வைராக்கியம் உள்ளவள். வடநாட்டுப் பயணம் என்றதும் இயேசுவைப் பற்றி இந்தியில் அச்சடித்த கைப்பிரதி ஒரு கட்டு வாங்கி ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டாள். டெல்லியிலிருந்து அமிர்தசரஸ் போகிற ரயிலில் எதிர் சீட்டுக்காரர்களுக்குக் கொடுக்கவும் செய்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இது எங்கள் வீட்டில் பழைய சண்டை.

லங்கரில் சாப்பிட்டு முடித்ததும் அவள் நேரே ரொட்டி தேய்க்கிற பெண்களிடம் போய் உட்கார்ந்துவிட்டாள். அங்கே யார் வேண்டுமானாலும் வேலை செய்யலாம், பேரெல்லாம் எழுதித் தர வேண்டாம். பாஷை தெரியாது. பக்கத்திலிருந்த பஞ்சாபிப் பாட்டி கட்டையை அவள் கையிலிருந்து வாங்கி, எப்படித் திருப்புவது என்று காட்டிவிட்டுத் திரும்பக் கொடுத்தது. பாதி பகல் அங்கேயே ஓடியது. பூண்டு உரிக்கிற கூட்டத்தில் நான். வெளியே வரும்போது பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சோறு போட்டவங்க கையில நோட்டீஸைத் திணிக்க எனக்கு ஒரு மாதிரியா இருக்குங்க."

அதனால் அவள் மனம் மாறிவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். அன்று ராத்திரி ரூமில் திரும்பவும் ஆரம்பித்தது. "நல்ல சேதி கையில இருக்கு, அதைச் சொல்லாம வெச்சுக்கிறது மட்டும் அன்பாக்கும்?" என்றாள். நியாயமான கேள்விதான். நான் ஐந்து அப்பம் இரண்டு மீன் கதையை எடுத்தேன், ஆண்டவர் பசித்தவனுக்குப் போட்டார், வீட்டுக்கு அனுப்பினார் என்று. அவள் வேதத்தில் என்னைவிடக் கெட்டி. "மாற்கு ஆறாம் அதிகாரத்தைப் பாருங்க, முதல்ல அநேக காரியங்களை உபதேசிச்சார், அப்புறந்தான் சாப்பாடு" என்றாள். சரி, உபதேசித்தார். ஆனால் கேட்டவன் ஒரு வரிசை, கேட்காதவன் ஒரு வரிசை என்று புல்தரையில் பிரித்து உட்காரவைத்ததாக எங்கேயும் எழுதியில்லையே என்றேன். விளக்கை அணைத்துவிட்டாள்.

நான் இதில் பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் ஒரு முகாமுக்குச் சமைக்கப் போயிருந்தேன். வெளியூரிலிருந்து வந்த ஒரு குழு, ஜெபம் முடிந்துதான் சாப்பாடு என்று சொல்லிவிட்டது. ஜெபமோ நீண்டுகொண்டே போனது. சின்னப் பிள்ளைகள் தட்டை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், நான் வடித்த சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. சமையல்காரனுக்கு அதைவிட அவமானம் வேறு இல்லை. இன்னோர் இடத்தில், திருநீறு பூசினால்தான் பந்தியில் இடம் என்று ஒருவர் வாசலில் நின்றதையும் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆட்களைப் பார்த்து "அரிசி மூட்டைக்கு மாறினவன்" என்று எவனாவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். எங்கள் பாட்டன்மார் மாறினதற்கு அரிசியைவிடப் பெரிய காரணங்கள் இருந்தன. ஆனால் அந்த வசை பிழைத்துக் கிடப்பதற்கு இந்த மாதிரிப் பந்திகளும் தீனி போடுகின்றன.

லங்கர் ஒன்றும் சும்மா ஒரு தர்மச் சாப்பாடு இல்லை, அதற்குள் கொள்கை இருக்கிறது. சீக்கியர்களின் மூன்றாவது குரு அமர்தாஸ், தன்னைப் பார்க்க வருகிறவர் முதலில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அப்புறம்தான் சந்திப்பு என்று வைத்தாராம். அக்பரே வந்து தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. சாதி பார்க்கிறவனை எல்லார் பக்கத்திலும் உட்காரவைப்பதுதான் நோக்கம். அதாவது, இங்கேயும் சாப்பாட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு: பக்கத்தில் உட்காருகிறவனைத் தேர்ந்தெடுக்க முடியாது. 1604-ல் இந்தக் கோயிலில் வைத்த சீக்கியர் வேதநூலான ஆதி கிரந்தத்தில் குருமார் பாட்டோடு, முஸ்லிம் சூஃபியான ஷேக் ஃபரீத், நெசவாளி கபீர், தோல் தொழில் செய்த ரவிதாஸ், தையல்காரர் வீட்டு நாமதேவ் பாட்டும் இருக்கிறது. ஃபரீதின் பாட்டைச் சேர்த்துக்கொள்ள ஃபரீத் சீக்கியராக மாற வேண்டியிருக்கவில்லை.

மணிக்கூண்டு வாசல் பக்கம் மாடியில் ஒரு அருங்காட்சியகம் உண்டு, தவறவிடாதீர்கள். சித்திரவதைப் படங்கள் நிறைய, சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் யோசித்துக்கொள்ளுங்கள். ஒன்பதாவது குரு தேக் பகதூர் கதை அங்கேதான் என் மனதில் ஏறியது. காஷ்மீரப் பண்டிதர்கள் மதம் மாற்ற நெருக்கடி என்று அவரிடம் வந்து அழுதார்கள், அவர்களுக்காகப் போய் நின்று 1675-ல் டெல்லி சாந்தினி சௌக்கில் அவுரங்கசீப் ஆணையால் தலையைக் கொடுத்தார் என்பது சீக்கியர் மரபு. இதில் கவனிக்க வேண்டியது, பண்டிதர்கள் போட்டிருந்த பூணூலைச் சிறுவயதிலேயே வேண்டாம் என்று மறுத்தவர் சீக்கிய வழியைத் தொடங்கிய குரு நானக். தன் வழிக்கே தேவையில்லாத பூணூலுக்காக ஒருவர் உயிரைக் கொடுத்திருக்கிறார். "நான்தான் காப்பாற்றினேன், வா என் பக்கம்" என்ற பேச்சு அந்தக் கதையில் இல்லை. சீக்கியராகச் சேர விரும்பினால் யாரும் சேரலாம், அமிர்தம் எடுத்துக்கொள்ளலாம் (அதுதான் அவர்களுடைய தீட்சைச் சடங்கு). ஆனால் கதவைத் திறந்து வைக்கிறார்களே தவிர தெருவில் வந்து கையைப் பிடிப்பதில்லை.

ரொம்பவும் புகழக் கூடாது. பஞ்சாப் கிராமங்களில் இன்றும் சாதிக்கொரு குருத்வாரா உண்டு (எங்கள் பக்கத்தில் சாதி பார்த்துப் பிரித்த கல்லறைத் தோட்டங்களைப் பார்த்துவிட்டு நான் அதிகம் பேச முடியாது). எல்லை மாவட்டங்களில் பாஸ்டர்கள் ஆள் பிடிக்கிறார்கள் என்று சீக்கியத் தலைவர்கள் கொதிக்கிறார்கள். 2022-ல் தரன் தாரன் மாவட்டத்தில் ஒரு தேவாலயத்தில் மாதா சிலையை உடைத்து, வெளியே நின்ற காரைக் கொளுத்தினார்கள். லங்கர் நடக்கிற மண்ணில்தான் அதுவும் நடந்தது. மனைவியின் பையில் இருந்த கட்டு ஞாபகம் வந்து எனக்குக் கொஞ்சம் வியர்த்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சேவைக்கு வருவோம். தட்டு கழுவும் இடம்தான் இந்தச் சமையல்கூடத்தின் உண்மையான திறமை. பித்தளைக் கடைத்தெருவே இடிந்து விழுந்த மாதிரி சத்தம், ஆனால் தட்டு ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்கு மாறி மாறிப் போய்ச் சுத்தமாக வெளியே வருகிறது. கை நிறைய மோதிரம் போட்ட ஒருவர் எச்சில் தட்டை வாங்கிக்கொண்டிருந்தார். செலவு எல்லாம் காணிக்கைதான். சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி நிர்வாகம் செய்கிறது. நெய்க்கும் சர்க்கரைக்கும் ஜிஎஸ்டி கட்டி நொந்துபோனவர்களுக்கு ஒரு தகவல்: இந்த மாதிரி இலவச அன்னதானம் செய்கிற இடங்களுக்கு மத்திய அரசு தன் பங்கு வரியைத் திருப்பித் தர 2018-ல் சேவா போஜ் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. எல்லா மதத்துக்கும் பொது. நம் ஊர் கோயில், சர்ச், தர்கா அன்னதானக் கமிட்டிகள் விசாரித்துப் பார்க்கலாம்.

குறைகள்: தரை எப்போதும் ஈரம், வழுக்கும். முட்டிவலிக்காரர்களுக்குக் கீழே உட்கார்ந்து எழுவது சிரமம். சனி ஞாயிறு மதியம் படிக்கட்டில் நெரிசல். காலை வெள்ளென அல்லது ராத்திரி ஒன்பதுக்கு மேல் போனால் நிதானமாகச் சாப்பிடலாம். சாமி கும்பிடும் இடத்தில் கொடுக்கிற கோதுமை அல்வாவை, மாவும் நெய்யும் சர்க்கரையும் சம எடை, வயிற்றில் இடம் விட்டுவைத்து வாங்குங்கள். பீடி சிகரெட் பையில் இருந்தால் வெளியிலேயே போட்டுவிடுங்கள். உண்டியல் இருக்கிறது, யாரும் காட்டமாட்டார்கள், நீங்களேதான் தேட வேண்டும். தட்டில் மிச்சம் வைக்காதீர்கள். இன்னொரு ரொட்டி வேண்டுமென்றால் கூப்பிட வேண்டாம், இரண்டு கையையும் நீட்டியபடி இருந்தால் போதும், கூடைக்காரர் வந்துவிடுவார்.