தம் கட்டாமல் ஊத: ஆர்னால்ட் ஜேக்கப்ஸ் வழி மூச்சுக் கருவிகளில் எதை வாங்கலாம்?

பித்தளை வாத்தியம் ஊதுபவர்களுக்கென்று பந்து ஏறும் குழாய், ஸ்பைரோமீட்டர் (மூச்சின் வேகத்தையோ அளவையோ காட்டும் கருவி), ரப்பர் பை என்று பல கருவிகள் ஆன்லைனில் விற்கின்றன. விளம்பரங்களில் தவறாமல் வரும் பெயர் ஆர்னால்ட் ஜேக்கப்ஸ். சிகாகோ சிம்பொனி இசைக்குழுவில் 1944 முதல் 1988 வரை டியூபா (தாழ்ந்த சுருதியில் பேசும் பெரிய பித்தளை வாத்தியம்) வாசித்தவர். டியூபாக்காரர்கள் மட்டுமல்ல, டிரம்பெட், ஹார்ன், ஓபோ வாசிப்பவர்களும் அவரிடம் மூச்சுப் பாடம் கேட்க மிச்சிகன் அவென்யூவின் ஃபைன் ஆர்ட்ஸ் கட்டடத்துக்குப் படியேறினார்கள். இத்தனைக்கும் அவருக்கு ஆஸ்துமா இருந்தது. வயதாக ஆக அவர் நுரையீரலின் கொள்ளளவு குறைந்துகொண்டே வந்தது.

வாங்குமுன் இதை நினைவில் வையுங்கள். 'நுரையீரலைப் பெரிதாக்கும்' என்று எந்தக் கருவியை விற்றாலும் நம்ப வேண்டாம். ஜேக்கப்ஸ் இவற்றைப் பயன்படுத்தியது வேறு காரணத்துக்காக. வாத்தியம் கையில் இருந்தால் பழைய கெட்ட பழக்கமும் கூடவே வந்துவிடும்: தொண்டை அடைக்கும், வயிறு கல்லாகும், தம் கட்டிக்கொள்ளும். வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு பந்தை ஏற்றச் சொன்னால் அதே ஆள் ஒழுங்காக மூச்சு விடுவார். காற்று ஓடுவது கண்ணுக்கும் தெரியும். அந்த மூச்சை அப்படியே வாத்தியத்துக்குக் கொண்டுபோவதுதான் பாடம். கொண்டுபோகவில்லை என்றால் இவை வெறும் பொம்மைகள்.

மூன்று பந்து ஸ்பைரோமீட்டர். நம் ஊர் மெடிக்கல் ஷாப்பிலேயே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்குக் கொடுப்பார்களே, அதுதான். முதல் பந்து விநாடிக்கு 600 மி.லி., இரண்டாவது 900, மூன்றாவது 1200 என்ற வேகத்தில் ஏறும். நேராக வைத்தால் உள்ளிழுக்க, தலைகீழாகப் பிடித்தால் ஊத. இரண்டு பந்தை ஏற்றி, மூன்றாவதை ஏறவிடாமல் 3 விநாடி நிறுத்திப் பாருங்கள். மூன்றையும் பட்டென்று தூக்குவதைவிட இது கடினம், பலனும் அதிகம். பிறகு குழாயை எடுத்துவிட்டு, தாமதிக்காமல் அதே மூச்சில் வாத்தியத்தில் ஒரு வரி வாசிக்க வேண்டும்.

இதன் குறை: இது காட்டுவது வேகத்தை மட்டும்தான், அளவை அல்ல. கன்னத்தை உள்ளே இழுத்து ஒரு சின்ன உறிஞ்சலிலேயே பந்தை ஏற்றிவிடலாம். கன்னம் குழிந்தால் அந்த முறை கணக்கில் இல்லை. டியூபாவின் கீழ் ஸ்வரங்களை உரக்க ஊதும்போது காற்று 1200-ஐத் தாண்டியும் ஓடும் என்பதால், டியூபாக்காரருக்கு இந்தக் கருவி சீக்கிரம் போதாமல் போகும். தலைகீழாக வைத்து ஊதினால் உள்ளே ஈரம் படிந்து பந்து ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, தானாகக் காயவிடுங்கள். கொதிநீர் ஊற்றினால் பிளாஸ்டிக் நெளியும்.

வால்டைன் 5000. இதுவும் ஒரு ஸ்பைரோமீட்டர்தான். அளவைக் காட்ட இதுதான் சரி. ஒரே இழுப்பில் பிஸ்டன் எத்தனை மி.லி. வரை ஏறுகிறது என்று பார்க்கலாம். 2500 மி.லி. வரை மட்டும் காட்டும் வகையும் விற்பனையில் உண்டு. விலை குறைவென்று அதை எடுத்துவிடாதீர்கள், வளர்ந்த ஆளுக்கு அது பாதி மூச்சிலேயே முடிந்துவிடும். இதில் ஊத முடியாது, இழுக்க மட்டும்தான். முக்கால் மூச்சோடு வாசிக்கத் தொடங்கிவிட்டு வரி முடியும் முன்பே திணறுகிறவர்களுக்கு இது கண்ணைத் திறக்கும். மற்றவர்களுக்கு அவசியமில்லை. உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து எண் மாறும். பக்கத்து ஆளோடு போட்டி போடுவதில் அர்த்தமில்லை.

பிரெத் பில்டர். பிளாஸ்டிக் குழாய்க்குள் ஒரு பிங்பாங் பந்து. இழுக்கும்போதும் ஊதும்போதும் பந்து மேலேயே நிற்க வேண்டும். மேலுள்ள துளைகளை விரலால் மூடினால் எதிர்ப்பு கூடும். உள்மூச்சு வெளிமூச்சாகத் திரும்பும் இடத்தில் தம் கட்டுபவர்களுக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. கட்டினால் பந்து உடனே விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். தொடர்ந்து செய்தால் தலை கிறுகிறுக்கும். நின்றுகொண்டு செய்யாதீர்கள். ஐந்தாறு மூச்சுக்கு ஒருமுறை நிறுத்துங்கள்.

ரப்பர் பை. மயக்க மருந்து கொடுக்கும்போது பயன்படுத்தும் 5 அல்லது 6 லிட்டர் பை. ஊதி நிரப்பி, அதே காற்றைத் திரும்ப இழுப்பது. எதிர்ப்பே இல்லாமல் பெரிய அளவு காற்று போய்வருவது எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். அதற்கு இது அருமை. ஆனால் விட்ட காற்றையே இழுப்பதால் கரியமில வாயு ஏறும், ஆக்சிஜன் குறையும். மூன்று நான்கு மூச்சுக்கு மேல் கூடாது, தனியாகச் செய்யவும் கூடாது. லேடெக்ஸ் பை நம் வெயிலில் பிசுபிசுத்துப்போகும். இதயம், ரத்த அழுத்தம், ஆஸ்துமா என்று ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

பிவிசி துண்டு. பிளம்பிங் கடையில் 25 மி.மீ. புதுக் குழாய் வாங்கி 5 செ.மீ. வெட்டுங்கள். விளிம்புகளை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். முன்பற்களுக்கு இடையில் வைத்து, உதட்டால் சுற்றி மூடி, சத்தமில்லாமல் இழுங்கள். வாய் 'ஓ' என்று திறக்கும், நாக்கு தானாகத் தாழும். சீறல் சத்தம் வந்தால் தொண்டை இன்னும் குறுகியிருக்கிறது என்று பொருள். சின்ன வாய்க்காரர்களுக்கு 20 மி.மீ. போதும். முதலில் வாங்க வேண்டியது இதுதான். பலருக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

இவற்றை விட்டுவிட்டு நேரே வாத்தியத்தில் பணத்தைக் கொட்டுபவர்களும் உண்டு. ஜேக்கப்ஸின் பெரிய டியூபா, யார்க் நிறுவனம் 1930களில் அமெரிக்காவின் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரில் செய்தது. பிலடெல்பியா இசைக்குழுவின் டியூபாக்காரர் டோனடெல்லியிடமிருந்து அவர் அதை 175 டாலருக்கு வாங்கினார். இன்று அது சிகாகோ இசைக்குழுவின் சொத்து. அதைப் பார்த்து யமஹா செய்த ஒய்சிபி-826 டியூபா நல்ல வாத்தியம்தான். ஆனால் ஒரு கார் விலை. தம் கட்டி ஊதினால் அதுவும் மந்தமாகத்தான் பேசும்.

வாசிக்கும்போது கவனத்தில் நூற்றுக்கு 85 பங்கு பாட்டுக்கு, 15 பங்கு காற்றுக்கு என்று ஜேக்கப்ஸ் கணக்குச் சொல்வார். ஒரு மணி நேர சாதகத்தில் இந்தக் கருவிகளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஒதுக்க வேண்டாம்.