ஓட்டமா, சுமை நடையா, ஜிம்மா? ராணுவ அடிப்படைப் பயிற்சிக்கு முன் உடம்பைத் தயார் செய்யும் வழிகள்

ராணுவ அடிப்படைப் பயிற்சியில் காயப்பட்டு ஒதுங்க நேர்பவர்களில் பெரும்பாலோருக்குப் பாதிப்பு இடுப்புக்குக் கீழேதான்: முழங்கால், அதற்குக் கீழே உள்ள முன்கால் எலும்பு, குதிகால், பாதம். விழுந்து அடிபடுவதைவிட, பழக்கமில்லாத கால் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து நொந்துபோவதே அதிகம். ஓட்டத்தில் பின்தங்கியவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். அணியோடு ஓடும்போது மற்றவர்களுக்கு நிதானமாக இருக்கும் வேகம் இவர்களுக்கு உச்ச வேகமாகிவிடுகிறது. அதனால் கீழே ஒவ்வொரு முறையையும் எடைபோட ஒரே அளவுகோல்தான்: முகாமில் நாள் தவறாமல் வரும் வேலையை இந்தக் கால்கள் தாங்குமா?

நிதான ஓட்டமும் இன்டர்வலும்

நிதான ஓட்டம் என்றால், ஓடிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிகிற வேகம். இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தம் கூடுவதும், தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுவதும் இந்த வேகத்தில் நடக்கின்றன. முக்கியமாக எலும்பும் தசைநாணும் மெல்ல மெல்லப் பழகுகின்றன. இதன் குறை, பலன் தெரிய நாளாகும் என்பது. நான்கு வாரம் ஓடியும் கடிகாரத்தில் பெரிய மாற்றம் தெரியாமல் பலர் சலித்துப்போகிறார்கள்.

இன்டர்வல், அதாவது வேகமாக ஓடி, இடையில் நடந்து, மீண்டும் ஓடும் முறை, ஓட்ட நேரத்தைச் சீக்கிரம் குறைக்கும். 2.4 கிலோமீட்டரை 12 நிமிடத்தில் முடிப்பது இலக்கு என்றால், ஒவ்வொரு 400 மீட்டருக்கும் 2 நிமிடம். பயிற்சியில் அதைவிடச் சற்று வேகமாக, 1 நிமிடம் 52 முதல் 55 வினாடிக்குள் 400 மீட்டர் ஓடி, 2 நிமிடம் நடந்து, மீண்டும் ஓட வேண்டும். 4 சுற்றில் தொடங்கி 8 வரை போகலாம். முதல் சுற்றை 1 நிமிடம் 40 வினாடியில் முடித்துவிட்டு ஐந்தாவதில் தள்ளாடுவதுதான் இங்கே வழக்கமான தவறு. கடைசிச் சுற்றும் முதல் சுற்றும் ஒரே நேரத்தில் முடிந்தால்தான் வேகம் சரி.

இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டுமென்றால் நிதான ஓட்டம். மூச்சும் தசையும் சில வாரங்களில் தேறிவிடும், எலும்பு அப்படியல்ல. புதிய சுமை வரும்போது எலும்பு முதலில் தன் பழைய திசுவைக் கரைக்கிறது, பிறகுதான் புதியதைக் கட்டுகிறது. கரைவது சில வாரத்தில் முடியும், கட்டி இறுக மாதங்கள் ஆகும். நடுவில் உள்ள காலத்தில் எலும்பு முன்பைவிடப் பலவீனம். 'நன்றாக ஓடுகிறேனே' என்று மூன்றாவது, நான்காவது வாரத்தில் தூரத்தை இரட்டிப்பாக்குகிறவர்களுக்கு நுண்முறிவு (எலும்பில் சிறு விரிசல்) வருவது இதனால்தான். வாரத்துக்கு 3 நாள் நிதான ஓட்டம் வைத்துக்கொண்டு, ஐந்தாவது வாரத்திலிருந்து அதில் ஒரு நாளை இன்டர்வலுக்குக் கொடுப்பது பாதுகாப்பான கலவை. இதுவரை ஓடியே பழகாதவர் 1 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை என்று 8 முறை செய்து தொடங்கட்டும்.

முன்காலில் வலி வந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள். எலும்பின் உள்விளிம்பு நெடுக நாலைந்து விரல் நீளத்துக்கு வலி பரவியிருந்தால் அது பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட்ஸ், அதாவது எலும்பை ஒட்டிய திசு நொந்துபோவது. தூரத்தைப் பாதியாக்கினால் அடங்கும். ஒரே விரல்நுனி அளவு இடத்தில் சுருக்கென்று குத்தினாலும், இரவில் படுத்திருக்கும்போது வலித்தாலும், ஒற்றைக் காலில் குதிக்க முடியாவிட்டாலும் ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது சிறு விரிசலை முழு முறிவாக்கும்.

தரை, ட்ரெட்மில், சைக்கிள்

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. மேடுபள்ளத்தில் கணுக்கால் கற்றுக்கொள்வதை ட்ரெட்மில் கற்றுத் தராது; மழை நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். சைக்கிளும் நீச்சலும் மூச்சுக்கு நல்லவை, ஆனால் பாதம் தரையில் மோதும் அதிர்வு இல்லாததால் எலும்பு பழகாது. கால் நொந்திருக்கும் வாரத்தில் மூச்சை விட்டுவிடாமல் காக்க அவை போதும்.

சுமை நடையும் ஓட்டமும்

முதுகில் மூட்டையோடு நடப்பது முகாமில் கட்டாயம் வரும் என்பதால், வீட்டிலேயே 20 கிலோவைத் தூக்கிக்கொண்டு சிலர் தினமும் கிளம்புகிறார்கள். அது வேண்டாம். சுமை நடை ஓட்டத்துக்கு மாற்றாகாது, துணைதான். வாரத்துக்கு ஒரு முறை போதும். ஓட்டம் ஐந்து வாரமாவது ஓடிய பிறகே தொடங்க வேண்டும்.

முதல் நடைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. 70 கிலோ உள்ளவருக்கு 7 கிலோ, 4 கிலோமீட்டர். பிறகு ஒரு வாரம் தூரத்தைக் கூட்டினால் அடுத்த வாரம் 2 கிலோ எடையைக் கூட்டலாம். இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டக் கூடாது. உடல் எடையில் கால் பங்குக்கு மேல் வீட்டுப் பயிற்சியில் போக அவசியமில்லை. சுமைக்குத் தண்ணீர் பாட்டில்கள் வசதி: ஒரு லிட்டர் ஒரு கிலோ, நடுவழியில் முடியாமல் போனால் ஊற்றிவிடலாம். பையின் அடியில் போர்வையைச் சுருட்டி வைத்து, கனமானதை மேலே, முதுகை ஒட்டி வையுங்கள். கனம் கீழே தொங்கினால் தோள் பின்னுக்கு இழுபடும், அதைச் சமாளிக்க உடம்பு முன்னே வளையும், கீழ்முதுகு வலிக்கும். பையில் இடுப்புப் பட்டை இருந்தால் இறுக்கிக் கட்டுங்கள். தோள்பட்டையின் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போவதை அது தடுக்கும். சுமையோடு ஓடவே வேண்டாம்.

ஜிம் எடையும் உடல் எடையும்

பெஞ்ச் பிரஸ்ஸில் நல்ல எடை தூக்குகிறவர் 2 நிமிடத் தண்டாலில் திணறுவது அதிசயமில்லை. ஒரு முறை உச்ச பலம் காட்டுவதும், ஐம்பது முறை அதே அசைவைத் தாங்குவதும் வேறு வேறு திறன்கள். சோதனையில் தண்டால்தான் கேட்கப்படும் என்றால் தண்டால்தான் போட வேண்டும். எப்படிப் போடுவது என்பதில்தான் விஷயம். ஒருவரால் மூச்சைப் பிடித்து 20 போட முடியும் என்றால், அன்றாடம் 20 போட்டுக் களைப்பதைவிட, 10 தண்டாலாக ஐந்து தடவை, நாள் முழுதும் பிரித்து, வாரத்துக்கு ஐந்து நாள் போடுவது மேல். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை உச்ச எண்ணிக்கையைச் சோதித்து, அதில் பாதியைப் புதிய கணக்காக வைத்துக்கொள்ளலாம். இடுப்பு தொங்குவதும், பாதி மட்டும் இறங்குவதும் எண்ணிக்கையில் சேராது, பழக்கத்திலும் சேர்க்காதீர்கள்.

புல்-அப் ஒன்றுகூட வராதவர் நாற்காலியில் ஏறித் தாடையைக் கம்பிக்கு மேல் கொண்டுபோய், 5 வினாடி எடுத்து மெல்ல இறங்கட்டும். 4 முறை, மூன்று சுற்று, வாரத்துக்கு மூன்று நாள்.

இருந்தாலும் ஜிம்மை முழுக்கத் தள்ளிவிட முடியாது. கால், இடுப்பு, முதுகு இவற்றுக்குத் தேவையான பலத்தை உடல் எடை மட்டும் தராது. சுமை தாங்கப் போவதும் அந்தப் பகுதிகள்தான். வாரத்துக்கு இரண்டு நாள் ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது), இரு கையிலும் எடையைப் பிடித்து 40 மீட்டர் நடை. முதல் இரண்டும் 5 முறை வீதம் மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் இரண்டு முறை தூக்கத் தெம்பு மீதமிருக்க வேண்டும். கண்ணாடிக்குத் தெரியும் கைத்தசைப் பயிற்சிகளை இந்த மாதங்களில் விட்டுவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. பழக்கமில்லாமல் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் பஸ்கியோ தண்டாலோ போட்டால் தசை நார்கள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கலாம். தசை வீங்கி, சிறுநீர் பால் கலக்காத காபி நிறத்தில் போனால் உடனே மருத்துவமனை.

12 வாரமும் 6 வாரமும்

எலும்பின் கணக்குப்படி 12 வாரம் வேண்டும். 6 வாரம்தான் கையில் இருக்கிறது என்றால், 12 வார அட்டவணையை அதற்குள் திணிக்காதீர்கள். சிலவற்றைத் துறக்க வேண்டும்: முதலில் சுமை நடை, அடுத்து இன்டர்வல். மூன்று நாள் நிதான ஓட்டம், அன்றாடத் தண்டால், இரண்டு நாள் கால் பலம் ஆகியவை நிற்கட்டும்.

இரண்டு திட்டத்திலும் பட்டினி கிடந்து எடை குறைக்க இடமில்லை. உணவு குறைந்து ஓட்டம் கூடினால் எலும்பு கட்டப்படாது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது உணவு போதவில்லை என்பதற்கான அறிகுறியாகலாம். எடை குறைந்த மகிழ்ச்சியில் அதைக் கவனியாமல் விடக் கூடாது.

வெயில் கொளுத்தும் இடத்துக்குப் போகிறவர், கடைசி இரண்டு வாரம் ஓட்டத்தைச் சற்று வெப்பமான வேளைக்கு நகர்த்தி, தூரத்தைக் குறைத்து, தண்ணீர் குடித்து, உடம்பைப் பழக்கிக்கொள்ளலாம். வெப்பத்துக்கு உடல் ஒத்துப்போகப் பத்து முதல் பதினான்கு நாள் பிடிக்கும்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறையுங்கள். அந்த ஏழு நாளில் புதிய பலம் எதுவும் சேராது, களைப்புத்தான் மிஞ்சும். பூட்ஸ் முன்கூட்டியே கிடைத்திருந்தால் அதைப் போட்டு நடந்து பழக்குங்கள், ஓட வேண்டாம். கால் நகங்களை நேராக வெட்டுங்கள். குதிகாலில் சூடாக உரசும் இடம் தெரிந்தவுடனே நின்று டேப் ஒட்டுங்கள். கொப்புளம் எழும்பிவிட்டால் மேல்தோலை உரிக்காமல் மூடி வையுங்கள்.