எச்சரிக்கை: சமூக வலைத்தளத்தில் முடங்கிய இணைப்பை ஓட வைத்துத் தருகிறேன் என்று வருபவர்கள்

குலசேகரம், அருமனை, மார்த்தாண்டம் பக்கம் இணையத்தில் சிறிய அளவில் வியாபாரம் செய்கிறவர்கள் இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். கடந்த மாசியில் பத்தாயிரத்து ஐந்நூறு ரூபாயும் நான்கு வருட உழைப்பும் என் கையை விட்டுப் போயின.

என் கணவர் தேனீ வளர்க்கிறார். அருமனையைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் அறுபது பெட்டிகள் வைத்திருக்கிறோம். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை. இலை உதிர்ந்து மரம் மறுபடி துளிர்க்கும்போது, தளிரின் காம்பில் ஊறும் இனிப்பைத்தான் தேனீக்கள் எடுத்து வருகின்றன. தளிர் முற்றிவிட்டால் அதுவும் நின்றுவிடும். எங்கள் வருட வருமானத்தில் பெரும்பகுதி அந்தச் சில வாரங்களுக்குள் அடக்கம். சரியாக அந்த நேரத்தில்தான் எங்கள் இணையதள முகவரியைச் சமூக வலைத்தளத்தில் இட முடியாமல் போனது.

பதிவு எழுதி, கீழே முகவரியைச் சேர்த்தால், இந்த இணைப்பு விதிகளுக்கு முரணானது என்று ஒரு வரி வந்து நிற்கும். பழைய பதிவுகளில் இருந்த இணைப்புகளும் ஒரே இரவில் மறைந்தன. தேன் விற்பதில் என்ன விதிமீறல் என்று எனக்குப் புரியவே இல்லை. அந்தப் பதற்றத்தில்தான் தக்கலையில் உறவினர் ஒருவர் சொன்ன ஆளை நம்பினேன். புகார் கொடுத்திருப்பதால் அவர் பெயரை எழுதவில்லை.

"இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை அக்கா. மூன்று நாளில் லிங்க் ஓடும்" என்றார். முதலில் 6,000 ரூபாய். எங்கள் கடைப் பெயரைச் சற்று மாற்றி இரண்டு புதிய டொமைன்கள், அதாவது இணைய முகவரிப் பெயர்கள், வாங்கினார். அவற்றில் ஒன்றைத் தட்டினால் அது எங்கள் தளத்துக்குத் திருப்பிவிடும். இணைப்புகளைச் சரிபார்க்கும் சமூக வலைத்தளத்தின் சோதனை நிரல் வந்து பார்த்தால் அதற்கு ஒரு சமையல் குறிப்புப் பக்கம் தெரியும், மனிதர்கள் வந்தால் எங்கள் கடை தெரியும். இதற்கு க்ளோக்கிங் என்று பெயர் என்பதும், இதைச் செய்பவர்கள் மீது நடவடிக்கை எடுப்போம் என்று ஃபேஸ்புக் 2017ஆம் ஆண்டிலேயே அறிவித்திருந்தது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தன. பதிவுகளை அவரே போடுவதாகச் சொன்னதால் சமூக வலைத்தளத்தில் எங்கள் பக்கத்தை நிர்வகிக்கும் அட்மின் உரிமையையும் கொடுத்தேன். "இனி இதுதான் நிரந்தரம், லேபிளிலும் இதையே அச்சடித்துவிடுங்கள்" என்றார். அந்தப் புது முகவரியும் அதற்கான கியூஆர் குறியீடும் சேர்த்து 500 லேபிள் அச்சடித்தோம்.

இணைப்பு ஓடத்தான் செய்தது. நான்கு நாளில் பதினொரு ஆர்டர். பத்தாம் நாள் இரண்டு டொமைன்களும் சமூக வலைத்தளத்தில் முடங்கின. புதிதாக வாங்க வேண்டும் என்று 4,500 கேட்டார். அதையும் கொடுத்தேன். இனி மாதாமாதம் அதே தொகை வேண்டும் என்றபோதுதான் முடியாது என்றேன்.

ஒரு வாரம் கழித்துத் தாம்பரத்திலிருந்து ஒரு வாடிக்கையாளர் அழைத்தார். "அம்மா, உங்கள் பாட்டிலில் இருந்த குறியீட்டை என் மகன் ஸ்கேன் செய்தான். ஏதோ ரம்மி விளையாட்டு வருகிறதே" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. டொமைன்கள் எல்லாம் அந்த ஆளின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருந்தன. கேட்டதற்கு, "அது என் டொமைன் அக்கா, நான் எங்கே வேண்டுமானாலும் திருப்புவேன்" என்றார். அன்று மாலைக்குள் எங்கள் பக்கத்திலிருந்து என்னையும் நீக்கிவிட்டார்.

வீட்டில் 310 பாட்டில் தயாராக இருந்தது. குறியீட்டின் மேல் சிறிய ஸ்டிக்கர் ஒட்டிவிடலாமே என்று நான் சொன்னபோது என் கணவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒட்டின் மேல் ஒட்டு இருந்தால் தேனிலும் கலப்படம் என்றுதான் நினைப்பார்கள் என்றார். வெந்நீரில் ஊறவைத்தால் தேன் சூடாகும். ஆகவே தேங்காய் எண்ணெய் தடவி, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, பசையைத் துணியால் தேய்த்துத் தேய்த்து எடுத்தோம். இரண்டு இரவுகள் ஆயின. என் மாமியார்கூட உட்கார்ந்து உரித்தார்.

உண்மைக் காரணத்தைக் கண்டுபிடித்தவள் கணினி படிக்கும் என் அக்காள் மகள். தளத்தின் கோப்பு ஒன்றைத் திறந்தாள். திரை வெறுமையாக இருந்தது. அவள் வலப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போனாள். நீண்ட வெற்றிடத்துக்கு அப்பால், கண்ணுக்குப் படாத தூரத்தில், ஒரே வரியாக ஒரு திருட்டு நிரல் ஒளிந்திருந்தது. கைபேசியில் சமூக வலைத்தளம் வழியாக வருபவர்களை மட்டும் அது வேறு மோசடிப் பக்கத்துக்கு அனுப்பியிருக்கிறது. நாங்கள் கணினியில் முகவரியைத் தட்டச்சு செய்து பார்ப்பவர்கள். எங்களுக்கு எப்போதும் தேன் கடைதான் தெரிந்தது. இரண்டு வருடமாகப் புதுப்பிக்காத ஒரு பிளக்இன் (தளத்தில் கூடுதலாகச் சேர்க்கும் நிரல்) வழியாக அது உள்ளே வந்திருக்கலாம் என்றாள். தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோல் சேவை அனுப்பிய எச்சரிக்கை மின்னஞ்சலும் என் பெட்டியில் திறக்கப்படாமல் கிடந்தது. ஆக, தடை போட்டதில் நியாயம் இருந்திருக்கிறது. எங்களை நம்பி வந்தவர்களை அது காப்பாற்றியிருக்கிறது. அதைத் தாண்டுவதற்குத்தான் நான் பணம் கொடுத்திருக்கிறேன்.

நிரலை நீக்கி, எல்லாவற்றையும் புதுப்பித்து, கடவுச்சொற்களை மாற்றி, கூகுளிடம் மறுபரிசீலனை கேட்டாள். தடை அறிவிப்புக்குக் கீழேயே, இது தவறு என்று கருதினால் தெரிவியுங்கள் என்று ஒரு வழி இருந்தது. அதிலும் எழுதினாள். பதினாறு நாளில் எங்கள் பழைய முகவரி மறுபடி ஓடியது. ஒரு பைசா செலவில்லை. அதற்குள் தளிர் முற்றிவிட்டது.

நீண்ட முகவரிக்குப் பதில் அதற்குத் திருப்பிவிடும் சுருக்கு முகவரி போட்டால் தடையிலிருந்து தப்பலாம் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். நம்பாதீர்கள். சோதனை நிரல் அந்த இணைப்பைப் பின்தொடர்ந்து கடைசிப் பக்கம் வரை போகும். எக்ஸ் தளத்திலோ நீங்கள் இடும் எந்த இணைப்பும் அவர்களுடைய டி.கோ என்ற முகவரி வழியாகத்தான் கடக்கிறது. யாரையாவது வேலைக்கு வைத்தே ஆக வேண்டும் என்றால், டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில்தான் பதிவாக வேண்டும். பக்கத்தின் முழு உரிமையை யாருக்கும் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். நான் ஒன்பது நாள் தயங்கிவிட்டேன்.

எங்கள் தேனை மாசி, பங்குனியில் வாங்கியவர்களுக்கு: லேபிளின் வலது மூலையில் கறுப்புக் கட்டமாகக் குறியீடு இருந்தால் அதை ஸ்கேன் செய்ய வேண்டாம், பிள்ளைகள் கையில் படும்படி வைக்கவும் வேண்டாம். தேனில் குறையில்லை, தாராளமாகச் சாப்பிடலாம். லேபிளை மட்டும் உரித்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவினால் வந்துவிடும்.