லெரோய்க்காவின் வெள்ளைச் சாலைகளுக்கு எந்தச் சைக்கிள்? அளவெடுத்துச் செய்த மூன்றின் ஒப்பீடு

டஸ்கனியின் மண்சாலைகளில் ரோடு சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று சொல்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, ஃபிரேம் எந்த உலோகத்தில் இருந்தால் நல்லது என்றுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு. முன்னால் இருக்கும் சின்ன வட்டில் எத்தனை பல்? பின்னால் இருக்கும் பெரிய வட்டில் எத்தனை பல்? டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழையுமா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது. உலோகத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். இத்தாலியில் சியெனா மாவட்டத்தில் கையோலே இன் கியாந்தி என்று ஒரு சிற்றூர். 1997இல் ஜான்கார்லோ ப்ரோச்சி என்பவர் அங்கே 92 பேரைச் சேர்த்துக்கொண்டு லெரோய்க்கா என்ற சைக்கிள் ஓட்டத்தைத் தொடங்கினார். அந்த வட்டாரத்து வெள்ளைச் சரளைச் சாலைகள் ஒவ்வொன்றாகத் தாருக்கு அடியில் போய்க்கொண்டிருந்தன; அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் நோக்கம். இன்று ஒவ்வோர் அக்டோபரிலும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். பாதைகள் பல உண்டு. மிக நீளமானது 209 கிலோமீட்டர். அதில் ஏறத்தாழப் பாதி மண்சாலை, மொத்த ஏற்றம் 3,500 மீட்டருக்கும் மேல். 2007இல் தொடங்கிய ஸ்த்ராதே பியாங்கே என்ற தொழில்முறைப் பந்தயமும் இந்தச் சாலைகளிலிருந்து பிறந்ததுதான்.

அக்டோபர் ஓட்டத்துக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. 1987க்கு முன் செய்த ரோடு பந்தய சைக்கிளாக இருக்க வேண்டும். கியர் லீவர் டவுன் டியூபில், அதாவது ஃபிரேமின் சாய்ந்த கீழ்க்குழாயில், இருக்க வேண்டும், பெடலில் காலணியின் நுனியைப் பிடிக்கும் கூண்டும் அதை இறுக்கும் தோல்வாரும் வேண்டும், பிரேக் கேபிள் ஹேண்டில்பாருக்கு மேலே வளைந்து வெளியே தெரிய வேண்டும். பழைய தோற்றத்தில் புதிதாகச் செய்த ஸ்டீல் சைக்கிளுக்கும் விதி இடம் தருகிறது. ஆனாலும் அந்தந்த ஆண்டின் விதிகளைப் படித்துவிட்டு ஆர்டர் கொடுப்பது நல்லது. இதைத் தவிர, 209 கிலோமீட்டர் பாதைக்கு நிரந்தர வழிகாட்டிப் பலகைகள் நட்டிருக்கிறார்கள். வேறு எந்த மாதத்திலும், எந்தச் சைக்கிளிலும் போகலாம்.

ஆக, அளவெடுத்துச் செய்த சைக்கிள்தான் வேண்டும் என்றால் வழி மூன்று. ஒன்று, எழுபதுகளிலோ எண்பதுகளிலோ ஓர் இத்தாலியப் பட்டறையில் யாருக்காகவோ அளவெடுத்துச் செய்த பழைய சைக்கிள். இரண்டு, விதிக்கு உட்பட்டு இன்று நம் உடம்புக்குச் செய்துகொள்ளும் ஸ்டீல் சைக்கிள். மூன்று, டிஸ்க் பிரேக் வைத்த நவீன டைட்டானியம். நான் முதல் இரண்டிலும் அக்டோபரில் ஓட்டியிருக்கிறேன். மூன்றாவதில் ஒரு மே மாதம், நிரந்தரப் பாதையில்.

பழையதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அதன் அழகிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். என்னுடையது கொலும்பஸ் நிறுவனத்தின் எஸ்.எல். என்ற ஸ்டீல் குழாயில் செய்தது: நுனிகளில் 0.9 மில்லிமீட்டர் தடிப்பு, நடுவில் 0.6 மட்டுமே. குழாய்கள் சேரும் இடத்தில் இருக்கும் லக்கின் விளிம்பை யாரோ அரத்தால் உராய்ந்து உராய்ந்து நகத்தளவு மெல்லியதாக்கியிருக்கிறார்கள். விரலை வைத்துத் தடவினால் லக் எங்கே முடிந்து குழாய் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. இப்படி ஒரு வேலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதன் குறைகளைச் சொல்வது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆனால் மேட்டில் அது என்னைக் கைவிட்டது. முன்னால் 42 பல், பின்னால் 26. கிராங்க் என்பது பெடல் கையும் முன்வட்டுகளும் சேர்ந்த பாகம். கம்பன்யோலோ நிறுவனத்தின் அந்தக் காலத்து நுவோவோ ரெக்கார்ட் கிராங்கில் 41க்குக் கீழே வட்டு பொருத்த முடியாது. சங்கிலியை வட்டுக்கு வட்டு மாற்றும் டிரெய்லியரும், அதே வரிசையின் பின்பக்கத்தது, 26 பல்லுக்கு மேல் தடுமாறும். பந்தய வீரர்களுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. கணக்கு எளிது: 42க்கு 26 என்றால் பெடல் ஒரு சுற்றுச் சுற்ற சைக்கிள் ஏறத்தாழ 3.4 மீட்டர் போகும். 15 சதவீத ஏற்றத்தில் என் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர், அதாவது நிமிடத்துக்கு 100 மீட்டர். அப்படியென்றால் நிமிடத்துக்கு வெறும் 29 சுற்று. ஒவ்வொரு மிதியும் படியேறுவது போல இருக்கும். தார்ச்சாலையில் எழுந்து நின்று உடம்பின் எடையைப் பெடலில் இறக்கிச் சமாளிக்கலாம். சரளையில் எழுந்து நின்றால் பின்சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து, டயர் பிடி விட்டு, இருந்த இடத்திலேயே சுற்றும்.

பாதையில் மோன்தே சான்தே மரியே என்ற மண்சாலைப் பகுதி 11.5 கிலோமீட்டர் நீளம். அங்கே ஒரு செங்குத்தான மேட்டில் நான் நின்றுவிட்டேன். நிற்பதற்கு முன்பே குனிந்து தோல்வாரின் கொக்கியைத் தளர்த்த வேண்டும். இல்லையென்றால் கால் வெளியே வராது. தளர்த்தினேன், இறங்கினேன். திரும்ப ஏறி மிதிக்க முடியவில்லை, அந்தக் கியரில் அந்தச் சரிவில் கிளம்பவே முடியாது. அடியில் பிளவு வைத்த பழைய காலணியோடு சரளையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே போனேன். பக்கத்தில் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்த ஒருவர் உட்கார்ந்தபடியே, மூச்சு வாங்காமல், சின்னச் சின்னச் சுற்றாகப் பெடலைச் சுற்றிக்கொண்டு கடந்து போனார். அவருடைய சைக்கிளும் பழையதுதான். ஆனால் கிராங்க் பிரெஞ்சு டி.ஏ. நிறுவனத்தின் சுற்றுலா வகை. அதில் 26 பல் வரை சின்ன வட்டுப் பொருத்தலாம். மிச்சத் தூரம் முழுக்க அந்தக் கிராங்கைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

கியர் விகிதத்தைப் பாதையின் கடினத்துக்கும் நம் கால்பலத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ள லெரோய்க்கா விதி இடம் தருகிறது. அது தெரியாமல் பலர், பழைய சைக்கிளை வாங்கியபடியே கொண்டுவந்து அவதிப்படுகிறார்கள். பழையதைத்தான் ஓட்டுவேன் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் முதல் வேலையாக டி.ஏ. கிராங்கோ ஸ்ட்ராங்லைட் 99 கிராங்கோ தேடுங்கள். கூடவே அந்தக் காலத்து சன்டூர் நீளக்கை டிரெய்லியர் ஒன்று. எல்லாமே 1987க்கு முந்தைய சாமான்கள்தான். பார்த்தால் பந்தய சைக்கிளின் மிடுக்குக் கொஞ்சம் குறையும்; முழங்கால் தப்பிக்கும்.

புதிதாகச் செய்துகொண்ட ஸ்டீலில் இதை முதலிலேயே தீர்த்துக்கொண்டேன். முன்னால் 46, 28 என்று இரண்டு வட்டு, பின்னால் 14இலிருந்து 28 வரை. 28க்கு 28 போட்டால் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர். அதே மேட்டில், அதே வேகத்தில், நிமிடத்துக்கு 47 சுற்று. டைட்டானியத்தில் 31க்கு 34 வைத்திருக்கிறேன். அதில் 50 சுற்று வரும். 29க்கும் 47க்கும் இருக்கும் தூரத்தைப் பாருங்கள், பிறகு 47க்கும் 50க்கும். நாற்பது ஆண்டுத் தொழில்நுட்பம் மேட்டில் எனக்குத் தந்தது அந்த மூன்று சுற்றுதான். ஆனால் கியர் மாற்றும் விதத்தில் வித்தியாசம் பெரிது. டவுன் டியூப் லீவரில் கிளிக் கிடையாது. சங்கிலி ஏறிவிட்டதா என்று காதால் கேட்டு, விரலால் திருத்த வேண்டும். அழுத்தி மிதிக்கும்போது மாறவும் மாறாது. மேடு தொடங்குவதற்கு முன்பே மாற்றிவிடப் பழகிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது டயர். சொகுசு என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு ஃபிரேமிலிருந்து வருவதில்லை, டயரிலிருந்து வருகிறது என்பது மூன்றையும் ஒரே சாலையில் ஓட்டிய பிறகு எனக்கு உறுதியாகிவிட்டது. பழையதில் 25 மில்லிமீட்டர்தான் நுழைந்தது. காற்று 85 பி.எஸ்.ஐ. அடித்தேன், குறைத்தால் டியூப் ரிம்மில் நசுங்கி ஓட்டையாகும் என்ற பயம். 80 கிலோமீட்டருக்குப் பிறகு சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய் பிரேக் பிடிப்பதே தெரியவில்லை. புதிய ஸ்டீலில் 32 மில்லிமீட்டர், பின்னால் 50 பி.எஸ்.ஐ., முன்னால் 45. டைட்டானியத்தில் 38 மில்லிமீட்டர் டியூப்லெஸ், 32 பி.எஸ்.ஐ. 25இலிருந்து 32க்கு வந்தது வேறு சாலைக்கு வந்தது போல இருந்தது. 32இலிருந்து 38க்கு வந்தபோது இறக்கங்களில் தைரியம் கூடியது. மற்றபடி அவ்வளவு வித்தியாசம் இல்லை.

இடைவெளிக்கு இன்னொரு காரணமும் உண்டு. காய்ந்திருக்கும்போது வெண்தூசியாகப் பறக்கும் அந்த மண், மழை பெய்தால் களிம்பாகிவிடும். சிறுகல்லோடு சேர்ந்து டயரில் ஒட்டிக்கொண்டு வந்து, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கழுத்திலும் பின் பிரேக் பாலத்தின் அடியிலும் அடைத்துக்கொள்ளும். பழைய ஃபிரேமில் அந்த இடத்தில் 3 மில்லிமீட்டர்தான் இடைவெளி. கரகரவென்று சத்தம் வந்தது. சாயங்காலம் துடைத்துப் பார்த்தபோது பெயின்ட் போய் வெறும் உலோகம் பளபளத்தது. அதைப் பார்த்தபோது வந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அளவு விஷயத்தில் பழையதை "அளவெடுத்துச் செய்தது" என்று சொல்வதே எனக்கு இப்போது நெருடுகிறது. அளவெடுத்தது உண்மைதான், என்னை அல்ல. அண்ணனுக்குத் தைத்த சட்டையைத் தம்பி போட்டுக்கொள்வது மாதிரி. என் உயரம் 163 சென்டிமீட்டர். அந்த மேல்குழாய் எனக்கு 2 சென்டிமீட்டர் அதிக நீளம்; ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மைக் குட்டையாகப் போட்டுச் சரிக்கட்டினேன், ஹேண்டில் படபடப்பானது. என்னைப் போல உயரம் குறைந்தவர்களுக்கு இன்னொரு தொல்லை: மெதுவாக ஹேண்டிலைத் திருப்பும்போது காலணியின் நுனி முன்சக்கரத்தில் இடிக்கும். சமதளத்தில் அது எரிச்சல். 15 சதவீத மேட்டில் வளைந்து வளைந்து ஏறும்போது அது விழுவதற்கான வழி. புதிய ஃபிரேமுக்கு ஆர்டர் கொடுத்தபோது நான் முதலில் கேட்டதே இதைத்தான். பட்டறைக்காரர் ஹேண்டிலுக்குக் கீழே இருக்கும் ஹெட் டியூபின் கோணத்தை 72 டிகிரிக்குக் குறைத்து, முன்சக்கரத்தைச் சற்றே முன்னால் தள்ளினார். பின்சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க்குழாயான செயின் ஸ்டேயை 425 மில்லிமீட்டராக நீட்டினார். பிரேக்குக்கு 47 முதல் 57 மில்லிமீட்டர் வரை எட்டும் நீளக்கை வகை. 32 மில்லிமீட்டர் டயர் நிம்மதியாக உள்ளே உட்கார்ந்தது. பந்தய சைக்கிளின் விறைப்பு இல்லை. ஆனால் 100 கிலோமீட்டருக்குப் பிறகும் முதுகு என்று ஒன்று இருப்பதை உணரவில்லை.

பிரேக்கில் டைட்டானியத்துக்குப் போட்டியே கிடையாது. மண் இறக்கத்தில் ஒற்றை விரலால் வேகத்தைச் சீராகப் பிடித்துக்கொண்டு வரலாம். ஈரமோ களிமண்ணோ அதற்கு ஒரு பொருட்டில்லை. பழைய காலிப்பர் பிரேக்கை மேல்பிடியில் கை வைத்து அழுத்தினால் பாதிப் பலம்கூட வராது. ஹேண்டிலின் கீழ்வளைவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். மழை நாளில் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே கற்பொடி அரைபடும் சத்தம் கேட்கும். அது ரிம் தேயும் சத்தம்தான். புதிய ஸ்டீலிலும் இந்த விஷயத்தில் நிலைமை அதேதான், விதி அப்படி. இறக்கத்தைக் கண்டு பயப்படுபவர் அக்டோபர் ஓட்டத்தில் 209ஐத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று சொல்வேன்.

எடையைப் பற்றி அதிகம் பேச ஒன்றும் இல்லை. பழையது 10.2 கிலோ, புதிய ஸ்டீல் 10.8, டைட்டானியம் 9.1. ஆளும் சைக்கிளும் சேர்த்துப் பார்த்தால் மிகப் பெரிய வித்தியாசமே 2 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். உலோகத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது பழுது பார்ப்பது. ஸ்டீல் குழாய் நசுங்கினால் அறிந்த கை ஒன்று அதை எடுத்துவிட்டு வேறு குழாய் பற்றவைத்துத் தரும். டைட்டானியத்தை ஆர்கான் வாயுவின் மறைவில், காற்றுப் படாமல்தான் பற்றவைக்க வேண்டும்; அதற்கான ஆள் எல்லா ஊரிலும் கிடைக்கமாட்டார். அதற்குப் பதிலாக அது துருப்பிடிக்காது, பெயின்ட் போகும் கவலையும் கிடையாது. கார்பனிலும் அளவெடுத்துச் செய்து தருகிறார்கள். ஆனால் சரளைக் கல் தெறித்துக்கொண்டே இருக்கும் சாலைக்கு என் காசை அதில் போடமாட்டேன்.

சரி, யாருக்கு எது? 46 அல்லது 81 கிலோமீட்டர் பாதை போதும், அந்தச் சைக்கிளின் அழகும் அதன் வரலாறும்தான் முக்கியம் என்றால் பழையதையே எடுங்கள். கிராங்கை மட்டும் மாற்றிவிடுங்கள். அந்தச் சாலைகளை மட்டும் அனுபவிக்க வேண்டும், நின்று நிதானமாக இரண்டு நாளாகப் பிரித்து 209ஐ முடிக்க வேண்டும் என்றால் டைட்டானியம். மே மாதத்தில் போங்கள், வெயிலும் இதமாக இருக்கும். ஆனால் மே மாதத்துச் சாலை வெறிச்சோடிக் கிடக்கும். விடிவதற்கு முன்பு ப்ரோலியோ கோட்டைக்கு ஏறும் மண்பாதையில் இரண்டு பக்கமும் ஏற்றிவைத்த விளக்குகள் இருக்காது. வழியில் நிறுத்திச் சுடச்சுட ரிபொல்லீத்தா சூப்பை ஊற்றித் தரும் கிராமத்து ஆட்களும், அட்டையில் முத்திரை குத்தித் தோளைத் தட்டி அனுப்புபவர்களும் இருக்கமாட்டார்கள். எனக்கு அதெல்லாம் வேண்டும். அதனால் மூன்றில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், யோசிக்காமல் புதிய ஸ்டீலை வைத்துக்கொள்வேன்.

இந்த வழிக்கு வருபவர்கள் ஃபிரேம் செய்பவரிடம் போகும்போது உயரமும் கால் நீளமும் மட்டும் சொல்லாதீர்கள். போட நினைக்கும் டயரையே ஒரு ரிம்மில் ஏற்றி, காற்றடித்து, கையோடு கொண்டுபோங்கள். 32 என்று எழுதிய டயர் அகலமான ரிம்மில் 34 ஆக விரிவதுண்டு. அவர் அதை ஃபோர்க்கின் கழுத்தில் வைத்துப் பார்த்து, இரண்டு பக்கமும் 6 மில்லிமீட்டர் விட்ட பிறகு வெட்டத் தொடங்கட்டும்.